பெத்லகேமுக்கு வந்த குறவஞ்சி

கிறிஸ்து பிறப்புப் பண்டிகையன்று பாளையங்கோட்டையில் ஆராதனைக்குச் செல்பவர், பாமாலை, கீர்த்தனை என இருவகைப் பாடல்களைக் கேட்பார். பாமாலைகளுள் பல, தரங்கம்பாடி மிஷனெரிமாரும் அவர்க்குப் பின் வந்தோரும் ஐரோப்பிய மெட்டுகளுக்கு இசைய மொழிபெயர்த்தவை. அம்மெட்டுகளின் கம்பீரம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் குறில் நெடில் அளவையே உயிராகக் கொண்ட தமிழ்ச்சொல்லை அவற்றில் பொருத்துங்கால், குறில் நீண்டு, நெடில் குறுகி, பொருளும் மங்கிப் போவதுண்டு.

இவ்விடர்ப்பாட்டினின்று பண்டிகைப் பாடலை மீட்டவர்களுள் தலையாயவர், 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் அரியணை ஏறிய சரபோஜியுடன் கல்வி பயின்ற வேதநாயக சாஸ்திரியார் என்பது என் துணிபு. 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றப் புகுந்த அவருக்கு, தாமிரவருணியோடு கலக்கும் சிற்றாற்றின் சீமையில் திரிகூட ராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி முன்னோடியாயிற்று. குறவஞ்சி நாடகத்தில் தலைவன் பவனி வருதலும், தலைவி மையலுறுதலும், குறத்தி குறி சொல்லுதலும், குறவன் வலைவைத்துப் பட்சி பிடித்தலும் ஜனங்கள் நெடுநாள் கண்டு களித்தவை. அவற்றுள் ஒன்றையும் அவர் களையவில்லை. பவனி வருபவர் பெத்லகேம் நாதரானார், தலைவி தேவமோகினியானாள், பட்சி பிடித்தல் ஆத்துமாக்களைச் சேர்க்கும் சுவிசேஷ ஊழியமாயிற்று. சபை ஏற்கெனவே அறிந்த வடிவத்தினுள்ளேயே புதிய செய்தியை வைத்த அந்த விவேகத்தை எத்துணை வியந்தாலும் தகும்.

சபை அறிந்ததைப் பற்றி நிற்கும் இவ்விவேகம் கீர்த்தனைக்கும் வேண்டும். கீர்த்தனை அமைப்போன் சிரத்தையெல்லாம் பல்லவியின்மீதே இருத்தல் வேண்டும். பண்டிகையின் சாரம் முழுவதும் சில சொற்களில் அங்கே அடங்கவேண்டும். ஒவ்வொரு சரணத்தின் ஈற்றடியும் ஓசையாலும் பொருளாலும் பல்லவியிலேயே சென்று சேரவேண்டும். சரணத்தைப் பாடகர் குழு பாடி நிறுத்த, எதுகையும் மோனையும் நினைவூட்ட, எழுத்தறியாத மூதாட்டியும் பல்லவியைத் தானே எடுத்துக்கொள்வாள். 1734-இல் லைப்சிக் நகரில் பாக் அரங்கேற்றிய கிறிஸ்மஸ் இசைக்காவியம் மகோன்னதமானதே. எனினும் அது தேர்ந்த பாடகரையும் வாத்தியக்காரரையும் நம்பி நிற்பது. கீர்த்தனையோ சபையார் அனைவரின் குரலையும் நம்பிப் பிறந்தது.

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுதியில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. முதுமையெய்தியிருந்த அக்கவிஞர், தம் பாடல்கள் அச்சேறிச் சபைகளின் கைக்கு வருவதைக் கண்டபின், 1864-இல் மறைந்தார்.