பூமிக்கு அவசரம் இல்லை

ஒரு குறிப்பேடு நிரம்பியதும் சார்லஸ் லயல் அதன் கடைசிப் பக்கங்களில் பொருளடைவு ஒன்றை எழுதி வைப்பார். எந்தப் பாறையைப் பற்றி எங்கே எழுதினோம், யாரிடம் என்ன கேட்டோம் என்பதெல்லாம் பிறகு தேடும்போது சட்டென்று கிடைக்க வேண்டும் அல்லவா? அதன்பின் அடுத்த குறிப்பேட்டைத் திறப்பார். 1825இல் தொடங்கிய இந்தப் பழக்கம் 1874 வரை நீடித்தது. அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகள் மொத்தம் 294.

நவீன நிலவியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் லயலுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அவருடைய குறிப்பேடுகள் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியில் உள்ள கின்னார்டி என்னும் குடும்ப மாளிகையில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டன. 2019இல் விற்பனைக்கு வந்தன. நாட்டை விட்டே போய்விடும் என்ற நிலையில் பிரிட்டன் அரசு தற்காலிக ஏற்றுமதித் தடை விதித்தது. உள்நாட்டில் யாராவது வாங்க முன்வருவதற்கான அவகாசம் அது. எடின்பரோ பல்கலைக்கழகம் முன்வந்தது. அறக்கட்டளைகளோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனி மனிதர்களும் பணம் தந்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு திரண்டது. குறிப்பேடுகள் ஸ்காட்லாந்திலேயே தங்கின.

லயலின் புத்தகங்கள் எந்தப் பெரிய நூலகத்திலும் கிடைக்கும். அப்படியிருக்க, அவர் கைப்பட எழுதிய தாள்களுக்கு இத்தனை பேர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? புத்தகத்தில் இருப்பது ஒருவர் வந்து சேர்ந்த முடிவு. அவர் நடந்து வந்த வழியையும், தடுமாறி நின்ற இடங்களையும் குறிப்பேட்டில்தான் பார்க்க முடியும். அறிவியலைக் கற்கிறவருக்கு அந்த வழியும் பாடம்தான். லயலைப் பொறுத்தவரை அது மிக நீண்ட வழி.

சட்டம் படித்தவர்

லயல் பிறந்தது 1797 நவம்பர் 14 அன்று. அதே ஆண்டு மார்ச்சில்தான் பூமியின் காலம் அளவிட முடியாதது என்று சொன்ன ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் இறந்தார். லயலின் தந்தை தாவரவியலில் ஈடுபாடு கொண்டவர். மகன் 1816இல் ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். அங்கே வில்லியம் பக்லேண்டின் நிலவியல் விரிவுரைகள் அவரை இழுத்துக்கொண்டன. ஆனாலும் படித்து முடித்துப் போனது வழக்கறிஞர் தொழிலுக்கு. பார்வைக் குறைபாடு சட்டப் படிப்புக்குத் தொல்லை கொடுத்தது. ஊர் சுற்றிப் பாறை பார்ப்பது கண்ணுக்கும் மனதுக்கும் இதமாக இருந்தது. சில ஆண்டுகளில் சட்டத்தை விட்டுவிட்டு முழுநேரமும் நிலவியலில் இறங்கினார்.

சட்டப் பயிற்சி வீண் போகவில்லை. சாட்சிகளைத் திரட்டுவது, எதிர்த்தரப்பு வாதத்தை முன்கூட்டியே யோசிப்பது, படிப்பவரைப் படிப்படியாகத் தன் பக்கம் கொண்டுவருவது ஆகியவை அவர் எழுத்தின் பலம் ஆயின.

அன்றைய நிலவியலாளர்கள் பலர், பூமியின் பழங்காலம் இன்றைய காலத்தைப் போன்றது அன்று என்று நினைத்தார்கள். பெருவெள்ளங்கள் கண்டங்களைக் கழுவின, மலைகள் ஒரே மூச்சில் எழும்பின, அந்தச் சக்திகள் பின்னர் ஓய்ந்துவிட்டன என்பது அவர்கள் எண்ணம். லயல் இதை மறுத்தார். இன்று நம் கண்முன்னே வேலை செய்கிற ஆறு, அலை, மழை, எரிமலை, நிலநடுக்கம் ஆகியவற்றைக் கொண்டே பழைய மாற்றங்களையும் விளக்க முடியும் என்றார். அதற்குத் தேவை ஒன்றே ஒன்று: காலம். ஓர் ஆறு ஓர் ஆண்டில் அரிப்பது கொஞ்சம். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கருத்தை அவர் ‘நிலவியலின் கோட்பாடுகள்’ என்ற நூலில் மூன்று தொகுதிகளாக 1830 முதல் 1833 வரை வெளியிட்டார்.

மூன்று தூண்கள் சொன்ன சாட்சியம்

அந்த நூலின் முகப்பில் இருந்த படம் மலையோ எரிமலையோ அன்று. இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலி என்ற கடலோர ஊரில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களின் படம் அது. ரோமானியர் கட்டிய இந்த இடத்தைச் செராபிஸ் கோயில் என்று அன்று அழைத்தார்கள். பழைய சந்தைக் கட்டடம் என்பது இன்றைய முடிவு. தூண்களின் உயரம் 12 மீட்டருக்கும் மேல்.

லயல் அங்கே போனது 1828இல். தூணின் அடியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் உயரம் வரை பளிங்கு வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டை முழுக்கத் துளைகள். மேலே மறுபடியும் துளை இல்லை. கடல்நீரில் வாழ்ந்து கல்லைக் குடைகிற ஒருவகைச் சிப்பியின் வேலை இது.

இந்தத் துளைகளை வைத்து ஒரு வரலாற்றைத் திரும்ப எழுதலாம். கட்டடம் தரையில்தான் கட்டப்பட்டது. கடலுக்குள் யாரும் சந்தை கட்டுவதில்லை. பிறகு நிலம் தாழ்ந்தது. தூண்களின் அடிப்பகுதி மண்ணும் சாம்பலும் மூடிப் புதைந்ததால் சிப்பியிடமிருந்து தப்பியது. புதையாமல் நீரில் நின்ற பகுதியைச் சிப்பி குடைந்தது. நீருக்கு மேலே இருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னர் நிலம் மீண்டும் உயர்ந்து தூண்களைக் கடலுக்கு வெளியே கொண்டுவந்தது. 1538இல் பக்கத்திலேயே மோண்டே நுவோவோ என்ற புதிய எரிமலைக் குன்று வெடித்து எழுந்த காலத்திலும் இந்தக் கரை உயர்ந்தது.

இவ்வளவும் நடந்தும் தூண்கள் விழவில்லை. நிலம் பல மீட்டர் இறங்கி ஏறியிருக்கிறது. தூண்களைச் சாய்க்காத அளவுக்கு மெதுவாக. அதுவும் மனித வரலாற்றுக் காலத்துக்குள்ளேயே. லயல் தேடிய சாட்சி இதுதான். பொட்சுவோலியில் நிலம் இன்றும் அடங்கவில்லை. 1982 முதல் 1984 வரை அந்த ஊர் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது.

எட்னாவின் அடியில் சிப்பிகள்

அதே பயணத்தில் சிசிலித் தீவின் எட்னா எரிமலைக்குப் போனார். 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலை, எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து உறைந்து வளர்ந்தது. ஒவ்வொரு வெடிப்பும் சேர்ப்பது ஒரு மெல்லிய போர்வைதான். மனிதர் எழுதி வைத்த வரலாறு முழுவதும் சேர்ந்தும் மலையின் வடிவம் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் மலை எவ்வளவு பழையது என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மலையின் அடிவாரத்துக் களிமண் படுகைகளில் சிப்பிகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை மத்தியதரைக் கடலில் இன்றும் வாழும் இனங்கள்! நம் கணக்கில் மிகப் பழையதான எட்னா, சிப்பிகளின் கணக்கில் நேற்று முளைத்தது. இனங்கள் மாறுவதற்கு எட்னா வளர எடுத்த காலமே போதவில்லை என்றால், முற்றிலும் வேறான உயிர்கள் புதைந்து கிடக்கும் கீழடுக்குகள் எத்தனை பழையவை?

இந்த யோசனையிலிருந்து ஒரு கடிகாரம் பிறந்தது. பாரிஸில் சிப்பி ஆய்வாளர் தெஷாயே உதவியோடு, ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள சிப்பி இனங்களில் எத்தனை சதவீதம் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்று லயல் பார்த்தார். ஏறத்தாழ 3.5 சதவீதம் என்றால் இயோசீன். 17 சதவீதம் அளவில் என்றால் மயோசீன். அதற்கும் மேல் என்றால் பிளையோசீன். கிரேக்கச் சொற்களால் ஆன இந்தப் பெயர்களில் இயோசீனுக்கு ‘புதியதின் விடியல்’ என்று பொருள் சொல்லலாம். 1833இல் அவர் வைத்த பெயர்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன.

கட்ச்சில் எழுந்த மேடு

லயல் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் இந்தியச் சாட்சி ஒன்று அவர் நூலில் உண்டு. 1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. சிந்திரி என்ற கோட்டையும் ஊரும் தாழ்ந்து நீரில் மூழ்கின. கோட்டையின் ஒரு கோபுரத்தில் ஏறிக்கொண்டவர்கள் மறுநாள் படகில் தப்பினார்கள். அதேசமயம் வடக்கே, முன்பு சமதளமாக இருந்த இடத்தில் நீண்ட மேடு எழுந்தது. மனிதக் கை படாமல் எழுந்ததால் மக்கள் அதை ‘அல்லா பந்த்’, அதாவது கடவுள் கட்டிய அணை, என்று அழைத்தார்கள். 80 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சுமார் 3 மீட்டர் உயரம் என்று லயல் பதிந்தார். அங்கே நேரில் போய்வந்த பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸின் விவரங்கள் அவருக்கு உதவின.

2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் மறக்க முடியாது. அதைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் அந்தமானின் சில கரைகளில் பவளப் பாறைகள் நீருக்கு மேலே தூக்கப்பட்டன. நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. கட்ச்சைப் பற்றி லயல் எழுதிய அதே ஏற்றமும் இறக்கமும்தான் இது.

மனம் மாற எடுத்த காலம்

1831 இறுதியில் பீகிள் கப்பலில் புறப்பட்ட இளைஞர் சார்லஸ் டார்வினுக்குக் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் கொடுத்த பரிசு லயல் நூலின் முதல் தொகுதி. கேப் வெர்ட் தீவில், கடல் மட்டத்துக்கு 10 மீட்டருக்கும் மேலே பாறையில் ஓடிய வெள்ளைச் சிப்பிக் கோட்டைப் பார்த்ததும், நிலம் உயர்ந்த கதை டார்வினுக்குப் புரிந்தது. 1835 பிப்ரவரியில் சிலியின் கன்செப்சியான் நிலநடுக்கத்தில் கரை உயர்ந்ததை நேரிலேயே கண்டார். தன் புத்தகங்களில் பாதி லயலின் மூளையிலிருந்து வந்ததுபோல் தோன்றுகிறது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் நன்றியோடு எழுதினார்.

ஆனால் உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்ற கருத்தை லயல் ஏற்கவில்லை. 1832இல் வந்த இரண்டாம் தொகுதியில் அதை எதிர்த்தே வாதிட்டார். 1855 நவம்பரில், போர்னியோவின் சராவாக்கிலிருந்து இயற்கையாளர் ஆல்பிரட் வாலஸ் புதிய இனங்களின் தோற்றம் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தார். அது அவரை உலுக்கியது. உயிரினங்களைப் பற்றிச் சிந்திப்பதற்கென்றே தனிக் குறிப்பேடு தொடங்கினார். அப்படி 7 நிரம்பின.

294 குறிப்பேடுகளில் என்னை மிகவும் தொடுபவை இந்த ஏழும்தான். மனிதனும் விலங்கிலிருந்து வந்தவன் என்றால் மனிதனின் மேன்மை என்னாகும் என்ற கலக்கம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. 1856 ஏப்ரலில் டார்வின் தன் இயற்கைத் தேர்வுக் கொள்கையை அவரிடம் விளக்கினார். லயல் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் தாமதிக்காமல் வெளியிடும்படி வற்புறுத்தினார். 1858 ஜூலை 1 அன்று டார்வின், வாலஸ் இருவர் கட்டுரைகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. அதற்கு ஏற்பாடு செய்தவர்கள் லயலும் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரும். 1863இல் மனித இனத்தின் தொன்மை பற்றிய நூலிலும் லயல் தயங்கியதைக் கண்டு டார்வின் வருந்தினார். 1867–68இல் வெளிவந்த ‘நிலவியலின் கோட்பாடுகள்’ நூலின் பத்தாம் பதிப்பில்தான் லயல் பரிணாமத்தை வெளிப்படையாக ஏற்றார். வயது 70. தான் நம்பாத கருத்துக்கும் வாய்ப்புக் கொடுத்து, பிறகு தன் நூலையே திருத்திய மனிதர் அவர். இந்த நேர்மையைவிடப் பெரிய பாடத்தை எந்த அறிவியல் மாணவருக்கும் என்னால் சொல்ல முடியாது.

உடன் நின்ற கைகள்

லயலின் உழைப்பில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. 1832இல் அவரை மணந்த மேரி ஹார்னர் சிப்பிகளில் தேர்ந்தவர், ஜெர்மன் உள்ளிட்ட மொழிகள் அறிந்தவர். பயணங்களில் உடன் போனார், மாதிரிகளை வகைப்படுத்தினார், கண் மங்கிய கணவருக்குப் படித்துக் காட்டினார், எழுதிக் கொடுத்தார். அச்சேறிய நூல்களின் அட்டையில் மேரியின் பெயர் இல்லை. அந்த உழைப்பைத் தேட நமக்கு இருக்கும் இடம் இந்தக் குறிப்பேடுகள். பின்னாளில் செயலராக உதவிய அரபெல்லா பக்லி, பிறகு தாமே அறிவியல் எழுத்தாளராகப் புகழ்பெற்றார்.

லயல் சொன்னது எல்லாம் நிலைக்கவில்லை. பேரழிவுகள் பூமியை மாற்றியதே இல்லை என்ற அவருடைய பிடிவாதம் தவறு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த சிறுகோளும் டைனோசர்களின் முடிவும் இன்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த மோதலைக் கண்டுபிடித்த முறை லயல் கற்றுக்கொடுத்ததுதான்: பாறை அடுக்கைப் பார், அது சொல்லும் சாட்சியத்தைக் கேள்.

எடின்பரோவில் இப்போது அந்தக் குறிப்பேடுகளை எண்மப்படுத்தி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் தன் வசதிக்காக எழுதிய பொருளடைவுகளே இன்று ஆய்வாளர்களுக்கு வழிகாட்டுகின்றன.

1873இல் மேரி இறந்தார். லயலின் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அப்படியும் 1874இல் குறிப்பேடு திறந்திருந்தது. 1875 பிப்ரவரி 22 அன்று, தன் நூலின் பன்னிரண்டாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருக்கையில் அவர் இறந்தார். முதல் தொகுதி வெளிவந்து ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. திருத்துவதை அவர் நிறுத்தவே இல்லை.