கார் மேல கூடாரம்... வெயிட் பார்த்தாச்சா பாஸ்?

“கார் மேல டென்ட் போட்டு, நட்சத்திரத்தை எண்ணிக்கிட்டே தூங்கலாம் மச்சி!”

ஆறாவது செமஸ்டர் கடைசி எக்ஸாம் முடிந்த அன்று, கேன்டீன் டீயோடு ஆரம்பித்தது இந்த ஆசை. நண்பனின் அப்பா கார், வாடகைக்கு ஒரு ரூஃப்டாப் டென்ட், நாலு பேர். மேலே ரெண்டு பேர், உள்ளே சீட்டைச் சாய்த்து ரெண்டு பேர். பிளான் பக்கா!

கேரியர் மாட்டும் கடையில்தான் விழுந்தது முதல் குண்டு. “தம்பி, வண்டியோட வந்த புக்கைப் படிச்சீங்களா?” என்றார் கடை அண்ணன். நாலு மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ஸும் திருதிரு!

டேஷ்போர்டைக் குடைந்து புக்கை எடுத்தோம். கூரை தாங்கும் எடை 50 கிலோ. எங்கள் டென்ட் 58 கிலோ. கேரியர் கம்பிகள் 6 கிலோ. மொத்தம் 64. அட்வான்ஸ் வேறு கொடுத்தாச்சு!

ரெண்டு பேர் படுத்தா?

“அப்போ மேல ரெண்டு பேர் படுத்தா கூரை அப்பளம்தானா?” என்று அலறினான் ஒருத்தன். இல்லை. அந்த 50 கிலோ, வண்டி ஓடும்போது உள்ள கணக்கு. பிரேக், வளைவு, பள்ளம் என்று ஒவ்வொன்றிலும் மேலே உள்ள எடை கூரையை இழுக்கும், அழுத்தும். ஈர்ப்பு மையமும் மேலே ஏறுவதால் வளைவில் வண்டி அதிகமாகச் சாயும். நிற்கும்போது இந்த உதறல் கிடையாது. அதனால் கூரை பல மடங்கு தாங்கும். பயப்பட வேண்டியது தூங்கும் இரவுக்கு அல்ல, அங்கே போய்ச் சேரும் சாலைக்கு!

கூரை, கேரியர் ரெண்டில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் லிமிட். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் பாஸான எனக்கு இது கடையில்தான் உறைத்தது.

சாஃப்ட்டா, ஹார்டா?

துணி டென்ட், புத்தகம் போல விரியும். இடம் அதிகம், விலை குறைவு. கெட்டி மூடி உள்ள டென்ட் ஒரு நிமிஷத்தில் எழும்பி நிற்கும், ஆனால் பெரும்பாலும் எடையும் விலையும் அதிகம். வருஷத்துக்கு ஒரு ட்ரிப் அடிக்கும் நமக்கு வாடகையே பெஸ்ட்!

கடைசியில் நண்பனின் சித்தப்பா ஜீப் கைகொடுத்தது. அதன் கூரை 100 கிலோ தாங்கும். பொள்ளாச்சிப் பக்கம் அவருடைய தென்னந்தோப்பிலேயே முகாம். (மரத்தடியில் நிறுத்தாதீர்கள். தேங்காய்க்கு நட்பு தெரியாது!)

ராத்திரி கற்ற பாடங்கள்

* சரிவில் நிறுத்தினோம். விடிய விடிய நான் உருண்டு அவன் மேல், அவன் உருண்டு ஏணி மேல். சமதளம் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

* சாரல் என்று ஜன்னலை முழுக்க மூடினோம். மூச்சுக்காற்றின் ஈரம் மெத்தைக்கு அடியில் சொட்டியது. மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

* உள்ளே அடுப்பு, கரி, கொசுவர்த்தி... மூச்! புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளையே தூக்கிவிடும்.

* கிளம்பி அரை மணி நேரத்தில் நிறுத்தி, கேரியர் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். எங்களுடையதில் ஒன்று லூஸாகியிருந்தது!

* வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை.

* காட்டுப் பக்கம் அனுமதி இல்லாமல் தங்காதீர்கள். யானைக்கு நம் டென்ட் ஏணி தேவையில்லை!

நட்சத்திரம் எண்ணினோமா? மேகம் மூடியிருந்தது, பாஸ்! ஆனால் கேரியர் கடை அண்ணனுக்கு மட்டும் ஊரிலிருந்து ரெண்டு இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். “புக்கைப் படிச்சிட்டீங்கள்ல?” என்று சிரித்தார்.

படிச்சிட்டோம் அண்ணே... எக்ஸாமுக்குக்கூட அப்படிப் படிச்சதில்லை!