எரர் காட்டாத தவறு



கன்ட்ரோல் சார்ட் என்றால் பரீட்சைக்கு வரும் ஒரு கேள்வி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1924-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் கண்டுபிடித்தது இது. 1998-ல் பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியதே, அந்தத் தர முறைக்கும் அடிப்படை இதுதான். நாளை வல்லம் வடகால் சிப்காட்டில் வேலைக்குப் போனால் நமக்கும் இது தேவைப்படும்.

இப்போது கிராஃப் ஷீட் வேண்டாம், பைதானில் சில வரிகள் போதும். தொல்லையும் அங்கேதான். புரோகிராம் எரர் இல்லாமல் ஓடும், சார்ட் தப்பாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மெஷினில் நிற்கிறவர். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா லேத் ஆப்பரேட்டர். ஆகவே இது எனக்கு வெறும் கணக்கு இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். 20 மி.மீ. ஷாஃப்ட். மணிக்கு 5 பீஸ் வீதம் 25 சப்-குரூப். சராசரி 20.000, சராசரி ரேஞ்ச் 0.020. ஐந்து பீஸுக்கு டேபிளில் உள்ள ஏ-2 மதிப்பு 0.577. இரண்டையும் பெருக்கினால் 0.0115. மேல் லிமிட் 20.0115, கீழ் லிமிட் 19.9885. இனி தவறுகளைப் பார்ப்போம்.

முதலாவது, திசை. ஒரு வரிசை ஒரு சப்-குரூப். 'ஆக்சிஸ் 1' என்று தராமல் 'ஆக்சிஸ் 0' என்று தந்தால் நெடுக்காகச் சராசரி எடுத்துவிடும். 25 புள்ளிக்குப் பதில் 5 புள்ளிதான் வரும். எனவே முதலில் புள்ளிகளை எண்ணுங்கள்.

இரண்டாவது, பூஜ்யம். அளக்காமல் விட்ட கட்டத்தில் 0 என்று டைப் அடித்திருந்தால் அந்த வரிசையின் ரேஞ்ச் 20 மி.மீ. ஆகிவிடும். சராசரி ரேஞ்ச் 0.82-க்கு ஏறும். லிமிட் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் விலகிப்போய், மற்ற 24 புள்ளியும் ஒரே கோடாகத் தெரியும். அந்த வரிசையைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. 125 ரீடிங்கையும் ஒன்றாகக் கொட்டி ஸ்டாண்டர்டு டீவியேஷன் எடுப்பது. டூல் தேய்ந்து அளவு மெல்ல ஏறினால் அந்த ஏற்றமும் அதில் கலந்துவிடும். ரேஞ்சிலிருந்து வரும் சிக்மா 0.0086, மொத்தமாக எடுத்தால் 0.012 என்று வரலாம். அப்போது லிமிட் 20.016. 20.014-ல் நிற்கும் புள்ளி உள்ளே இருப்பதாகத் தெரியும். டூல் மாற்ற வேண்டிய நேரத்தில் சார்ட் 'எல்லாம் நலம்' என்று சொல்லும். பிறகு ரிஜெக்ஷன் வந்தால், "நீ ஏன் பார்க்கலை?" என்று ஆப்பரேட்டரைத்தான் கேட்பார்கள்.

இதற்கு மருந்து சுலபம். முதல் இரண்டு சப்-குரூப்பின் சராசரியையும் ரேஞ்சையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. சராசரி ரேஞ்சை 0.577-ஆல் பெருக்கி, லிமிட்டோடு ஒப்பிடுங்க. ஐந்தே நிமிஷ வேலை. இது பொருந்திய பிறகே மெஷின் பக்கம் கை நீட்டுவோம், நண்பர்களே!