ஒரு தண்டு நின்ற தோணி



மட்டக்களப்பு வாவிக் கரையிலே பள்ளிக்கூடம் நடத்துகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. 1958ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, நெடுங்காலம் விமானப்படையின் பொறுப்பில் இருந்து, 2018இல் பொதுமக்களின் உள்நாட்டுப் பயணத்துக்கு மீண்டும் திறந்துவிடப்பட்ட நமது விமான நிலையத்திலிருந்து ஓர் ஆகாய விமானம் கிளம்பிவிட்டால், பையன்களின் கண்கள் கரும்பலகையை விட்டுப் பறந்துவிடுகின்றன. அப்படியொரு வேளையில் மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்: "சேர், இரண்டு எஞ்சின் உள்ள விமானம் கிளம்பியவுடன் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், பாதி வலு மிஞ்சியிருக்கும்தானே? பிறகு ஏன் அதை ஆபத்து என்கிறார்கள்?"

நான் கலை பயின்றவன். எந்திரங்களோடு எனக்கு உறவு குறைவு. ஆயினும் கேட்ட பிள்ளைக்கு விடை சொல்ல வேண்டுமல்லவா? தேடிப் படித்து அறிந்ததை இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலிலே அந்தப் 'பாதி' என்ற சொல்லைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 180 குதிரைவலு உள்ள இரண்டு எஞ்சின்கள் ஒரு சிறு விமானத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 360. ஏறாமலும் இறங்காமலும் சமமாகப் பறப்பதற்கே 150 குதிரைவலு செலவாகிறது என்று கணக்குக்காகக் கொள்வோம். மீதி 210தான் விமானத்தை உயரத் தூக்குவது. ஓர் எஞ்சின் நின்றதும் கையில் இருப்பது 180. சமமாகப் பறக்கும் செலவோ குறைவதில்லை. மீதி 30! ஏறும் ஆற்றல் பாதியாகவில்லை, ஏழில் ஒரு பங்காகிவிட்டது. சம்பளம் பாதியானால் சேமிப்பும் பாதியாகும் என்று எந்தக் குடும்பஸ்தரும் எண்ணமாட்டார். வீட்டு வாடகை பாதியாவதில்லையே. அந்த முப்பதையும், நின்ற எஞ்சினின் சுழல்விசிறி எதிர்காற்றில் வீணே சுழன்று உண்டாக்கும் இழுவை விழுங்கிவிடக்கூடும். 6,000 இறாத்தலுக்கு உட்பட்ட, மெதுவான வேகத்தில் தரையிறங்கக்கூடிய சிறு இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒற்றை எஞ்சினோடு உயர ஏறியே ஆகவேண்டும் என்று அமெரிக்க விதிகள் நெடுங்காலம் கட்டாயப்படுத்தியதே இல்லை.

இது வலுவின் கதை. இதனினும் கொடியது திசையின் கதை. அதற்கு நமது வாவியே பாடநூல். தோணியில் இருபுறமும் இருவர் அமர்ந்து தண்டு வலிக்கிறார்கள். இடப்புறத்தவர் சட்டென்று நிறுத்திவிட்டால் தோணி நேரே போகுமா? அதன் அணியம் இடப்புறமாகத் திரும்பும். விமானமும் அவ்வாறே, நின்ற எஞ்சினின் பக்கமாக முகத்தைத் திருப்புகிறது. விமானி எதிர்ப்புறக் காலை ஊன்றி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி அதை நேராக்குகிறார். ஆனால் சுக்கான் என்பது ஓட்டத்தில் உயிர்வாழும் பொருள். நின்ற தோணியில் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் தோணி அசையாது. விமானத்தின் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், சுக்கானை முழுவதும் மிதித்தாலும் ஓடுகின்ற எஞ்சினின் தள்ளலை அது வெல்லாது. விமானம் திரும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, குப்புறப் புரண்டுவிடும். தாழ்வான உயரத்தில் அதிலிருந்து மீளுதல் அரிது. வேகமானியின் முகத்தில் அந்த எல்லையைச் சிவப்புக் கோடாகவும், ஒற்றை எஞ்சினோடு ஏறுவதற்கு ஏற்ற வேகத்தை நீலக் கோடாகவும் குறித்திருக்கிறார்கள்.

கீழே தரை நெருங்குவதைக் காணும் மனிதனுக்கு மூக்கை மேலே தூக்கத் தோன்றுவது இயல்பு. தூக்கினாலோ வேகம் குறையும்; குறைந்தால் சிவப்புக் கோடு. எனவே எஞ்சின் நின்ற கணத்தில் மூக்கைச் சற்றே தாழ்த்தி நீலக் கோட்டைக் காப்பதும், ஓடும் எஞ்சினின் பக்கமாகச் சிறிது, ஐந்து பாகைக்கு மேற்படாமல், சாய்ந்து பறப்பதும் விமானிக்குக் கற்பிக்கப்படுகின்றன. சக்கரங்களை உள்ளிழுத்து, நின்ற விசிறியின் அலகுகளை அவற்றின் விளிம்பு காற்றை நோக்குமாறு திருப்பிவிட்டால் இழுவை குறையும்.

ஆனால் எந்த எஞ்சின் நின்றது? இந்தக் கேள்வி உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, தைவானின் தாய்ப்பே நகரிலிருந்து டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம் 58 பேருடன் புறப்பட்டது. அது சிறு விமானமன்று. எனினும் இரட்டைச் சுழல்விசிறி விமானமே. ஏறிக்கொண்டிருக்கும்போது, தானியங்கிக் கருவியொன்றின் கோளாறினால் வலப்புற விசிறி தள்ளும் வேலையை விட்டுவிட்டது. தலைமை விமானியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்புற எஞ்சினின் விசையைக் குறைத்து, பின்னர் அதை நிறுத்தியே விட்டார். தவறு தெரிந்து மீண்டும் இயக்க முயன்றபோது உயரம் மிஞ்சவில்லை. விமானம் ஒரு மேம்பாலத்தை உரசி, கீலுங் ஆற்றில் வீழ்ந்தது. 43 பேர் மாண்டனர். 15 பேர் பிழைத்தனர். அந்த விமானம் ஒற்றை எஞ்சினோடு பறக்கவல்லது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இந்தப் பிழையைத் தவிர்க்க விமானிகள் வைத்திருக்கும் உபாயம் எளிது. நேரே செல்ல எந்தக் கால் ஊன்றுகிறதோ அந்தப் பக்கம் எஞ்சின் உயிரோடிருக்கிறது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம் எஞ்சின் செத்தது. அதையும் உடனே நம்பிவிடாமல், அப்பக்கத்து விசைப்பிடியை மெல்லப் பின்னிழுத்துப் பார்க்கிறார்கள். இழுத்தும் மாற்றம் ஒன்றும் இல்லையெனில் மட்டுமே அதை அணைப்பது.

இனி மாணவன் கேட்ட அடுத்த கேள்வி: "அப்படியும் ஏறாவிட்டால்?" சக்கரம் தரையில் இருக்கும்போதே எஞ்சின் நின்றால், இரண்டு விசையையும் மூடி நிறுத்திவிட வேண்டும். மேலே எழும்பிய பின்னும் முன்னால் ஓடுபாதை மிஞ்சியிருந்தால் அதிலேயே இறங்கவேண்டும். இரண்டும் கைகூடாமல், வேகம் சிவப்புக் கோட்டை நோக்கிச் சரியுமானால், செய்யவேண்டியதை மனம் ஏற்க மறுக்கும்: நன்றாக ஓடுகின்ற எஞ்சினின் விசையையும் குறைக்க வேண்டும்! அப்போதுதான் விமானம் புரளாமல் கைக்கு அடங்கும். பிறகு நேர் எதிரே உள்ள இடத்தில், இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொண்டு இறங்குவது. புறப்பட்ட நிலையத்துக்கே வளைந்து திரும்பும் ஆசை பலரைக் கொன்றிருக்கிறது. ஒரே எஞ்சின் உள்ள விமானத்தின் ஓட்டிக்கு இந்தச் சஞ்சலமில்லை. அவருக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஆகையினால்தான் கவனமுள்ள விமானிகள், ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கும்போதே, இந்த வேகத்துக்கு முன்னால் நின்றால் இது, பின்னால் நின்றால் அது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். நமது நிலையத்தில் அப்படிச் சொல்லும்போது வாவியின் பெயரும் வாயில் வரத்தான் செய்யும். எதிரே தென்னந்தோப்பும் வீடுகளும் இருந்தால், ஆழம் குறைந்த அந்த நீர்ப்பரப்பே இறங்கத் தக்க இடம். அங்கே முதலில் வந்து கைகொடுப்பவர்களும் வலை வீசிக்கொண்டிருக்கும் நமது தோணிக்காரர்களாகவே இருப்பார்கள்.