ஸ்கேன் அறையில் குழந்தை அஞ்சாதிருக்க

பாயான் லெப்பாஸ் இன்று தொழிற்சாலைகளின் ஊர். 1972-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரம் அங்குத் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே வந்த பி. பிரவுன் என்னும் ஜெர்மானிய நிறுவனம், நரம்பில் செருகப்படும் மெல்லிய குழாய் ஊசிகளை அங்குத் தயாரித்துப் பல நாடுகளுக்கு அனுப்பி வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது அச்சத்தால் அசையும் குழந்தைக்கு மயக்க மருந்து செலுத்துவதும் இத்தகைய ஊசி வழியாகத்தான். அந்த ஊசியே தேவைப்படாமல் ஸ்கேன் முடிந்தால் நல்லதல்லவா? அது பெருமளவு பெற்றோர்களின் கையில் உள்ளது.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர் இல்லை, வலியும் இல்லை. காந்தமும் வானொலி அலைகளுமே படத்தைத் தருகின்றன. 1977-இல் அமெரிக்க மருத்துவர் டமாடியன் மனித உடலை முதன்முதலாக இவ்வாறு படமெடுத்தபோது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. இப்போது பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி வரையில் முடிந்துவிடும். ஆனால், அவ்வளவு நேரமும் 60 அல்லது 70 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் அசையாது படுத்திருக்க வேண்டும். தகரத்தை ஓயாமல் தட்டுவதுபோன்ற பேரொலி வேறு. பெரியவர்களுக்கே மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

இக்கருவிகளை வடிவமைத்த அமெரிக்கர் டக் டீட்ஸ், தம் கருவியைக் கண்டு ஒரு சிறுமி அழுததைப் பார்த்து மனம் நொந்தார். பின்னர் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறையையே கடற்கொள்ளையர் கப்பல்போல் அமைத்தனர். கருவி மாறவில்லை, பிள்ளைக்குச் சொன்ன கதைதான் மாறியது. மயக்க மருந்து தேவைப்பட்ட சிறுவர்களின் தொகையும் வெகுவாகக் குறைந்தது.

அக்கதையை நாமும் வீட்டிலேயே தொடங்கலாம். மேசையின்மேல் போர்வையை விரித்துத் தொங்கவிட்டுக் குகையாக்குங்கள். பிள்ளையை உள்ளே படுக்கவைத்து, “சிலைபோல் இரு” என்று சொல்லி, பால் வாளியைத் தட்டி ஓசை எழுப்புங்கள். முதல் நாள் ஒரு நிமிடம்; பிறகு ஐந்து, பத்து. விளையாட்டாகப் பழகிய ஓசை பின்னர் அச்சுறுத்தாது. சில மாதக் கைக்குழந்தைக்கு இது தேவையில்லை. பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றினால் பல நேரங்களில் தூக்கத்திலேயே படமெடுத்துவிடலாம். ஏணைத் துணியின் அருமை அறிந்த நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். “கடைக்குப் போகிறோம்” என்று அழைத்துச் சென்றால், பிள்ளை அடுத்த முறை நம்மையே நம்பாது. “சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்” என்று சோறூட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பல ஆண்டுகள் ஊட்டிய அச்சத்தை ஒரே நாளில் துடைக்க எந்தத் தாதியால் இயலும்?

பெற்றோருள் ஒருவர் அறைக்குள் உடனிருக்கப் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். ஆனால், அக்கருவியின் காந்தம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு, பிள்ளையின் தோடு, அரைஞாணில் கட்டிய தாயத்து அனைத்தையும் வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். பாட்டி கட்டிய தாயத்தைக் கழற்ற மனம் வராதுதான். படம் எடுத்தபின் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். உடலுக்குள் உலோகம் ஏதேனும் பொருத்தப்பட்டிருந்தால் அதனை மறவாது தெரிவியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில பிள்ளைகள் அஞ்சவே செய்வர். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டா. மருத்துவர் மயக்க மருந்து கொடுப்பார். அப்போது, இத்தனை மணிக்குப் பின் உணவும் பாலும் கூடாது என்று மருத்துவமனை சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள். பசித்து அழுகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட், ஒரு குவளை மைலோ கொடுத்துவிடுவோர் உண்டு. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் தாதியிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.