பீடி, சிகரெட்டை விடுவதற்கு மருந்தும் உண்டு

"இன்றோடு விட்டேன்" என்று பீடிக் கட்டைத் தூக்கி எறிந்தவர், நான்காம் நாள் மீண்டும் பெட்டிக்கடை வாசலில் நிற்பதைப் பார்க்கிறோம். மன உறுதி இல்லாதவர் என்று வீட்டார் சொல்கிறார்கள். அவரும் அப்படியே நம்பி, அடுத்த முயற்சியைக் கைவிட்டு விடுகிறார். மருத்துவமோ இதை ஒரு நோயாகப் பார்க்கிறது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

புகையில் உள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை அடைந்து, இன்ப உணர்வைத் தரும் டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. ஏறக்குறைய 2 மணி நேரத்தில் இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைகிறது. உடனே எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் தலைகாட்டுகின்றன. விட்ட முதல் வாரத்தில்தான் இவை மிகக் கடுமையாக இருக்கும். பெரும்பாலோர் தோற்பதும் அப்போதுதான்.

இந்த இடத்தில் கைகொடுப்பது வரேனிக்ளின் என்னும் மாத்திரை. நிகோடின் போய் அமரும் அதே இடத்தில் இது அமர்ந்து கொள்கிறது. சிறிதளவு டோபமைனைச் சுரக்க வைப்பதால் தவிப்பு தணிகிறது. இடம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், இடையில் புகைத்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதனை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

புகையை விடும் நாளைக் குறித்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்க வேண்டும். வழக்கமாக முதல் 3 நாள் தினம் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை. அடுத்த 4 நாள் இரு வேளை. பிறகு 1 மில்லிகிராம் இரு வேளை. மொத்தம் 12 வாரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார்.

குமட்டலும் விசித்திரமான கனவுகளும் வரலாம். உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கினால் குமட்டல் குறையும். மனச்சோர்வோ மனநிலையில் மாற்றமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நோன்பு நாட்களில் சஹருக்குப் பிறகும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

புப்ரோபியான் என்பது மற்றொரு மருந்து. வலிப்பு நோய் உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. நிகோடின் சூயிங்கமும் பலருக்கு உதவுகிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டாரின் சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள், புகையை விடப்போவதை மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும். இன்சுலின் அளவு மாற வேண்டி வரலாம்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூன்றாம் வாரம் ஆசை அடங்கியதும், "இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்தி விடுகிறார்கள். ஆசை அடங்கியிருப்பதே மாத்திரையால்தான். 12 வாரத்தையும் முடியுங்கள். நடுவில் ஒரு நாள் தவறிப் புகைத்துவிட்டாலும் எல்லாம் போயிற்று என்று எண்ணாமல் மருந்தைத் தொடருங்கள்.

மாத்திரை தவிப்பைத் தணிக்கும். பழக்கத்தை மாற்றுவது நம் வேலை. டீக்குப் பின், சாப்பாட்டுக்குப் பின், நண்பர்கள் கூடும்போது என்று கை தானாகப் பாக்கெட்டைத் தேடும் நேரங்களைக் குறித்து வைத்து, அந்நேரத்தில் வேறொன்றைச் செய்யப் பழகுங்கள். மருந்துடன் ஆலோசனையும் சேரும்போது பலன் கூடுகிறது. 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். அந்த எண் சிகரெட் பாக்கெட்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு வாரம் அவர் எரிந்து விழுந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். "உன்னால் முடியாது" என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.