சுண்ணாம்புக் கோடு

எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் கலயம் ஒன்று இன்னும் கிடக்கிறது. உள்ளே விரலை விட்டால் சுண்ணாம்புக் காறை தட்டுப்படாது. அதனால் அது பதநீர்க் கலயம் இல்லை, கள்ளுக் கலயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான்.

பேராவூரணிப் பக்கம் எங்களுக்குத் தென்னைதான் சோறு. பாளை வெடிக்கும் முன் நாரால் இறுகக் கட்டி, தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவிவிட்டால் சாறு சொட்டும். சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அதைச் சும்மா விடுமா? சில மணி நேரத்தில் நுரை கட்டும். பொழுது சாய்வதற்குள் நாலைந்து சதவீதம் ஆல்கஹால் ஏறிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் ஈஸ்டின் ஜம்பம் பலிக்காது.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்தது. அன்றைக்குப் பரண் ஏறிய கலயம்தான் அது.

முப்பது வருஷம் கழித்து, 2017-இல், தென்னையில் நீரா இறக்க அரசு அனுமதித்தது. நீரா என்றால் புளிக்காத சாறு. அன்றைக்கு டீக்கடையில் ஒரே சிரிப்பு. "ஏண்ணே, எட்டு மணிக்கு நீரா, பத்து மணிக்குக் கள்ளுன்னா, ஒம்பது மணிக்கு அதுக்கு என்ன பேரு?" என்றான் ஒரு பையன்.

நானும் பயிற்சிக்குப் போனேன். பாளையில் ஐஸ் பெட்டி மாட்டிச் சாற்றைக் குளிரிலேயே பிடிக்க வேண்டும். ஒரு நாள் ஐஸ் வந்து சேரவில்லை. ஆறு லிட்டர் பொங்கிவிட்டது. வைத்திருந்தால் குற்றம், கொட்டினால் நஷ்டம். மரத்தடியில் கொட்டினேன். கொட்டி முடிப்பதற்குள் எறும்பு வரிசை கட்டிவிட்டது. அடுத்த வருஷம் நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து, 110 மரத்தில் 17-ஐத்தான் விட்டுவைத்தது. அதோடு நீராப் பேச்சும் போயிற்று.

தங்கையைத் திருநள்ளாற்றில் கொடுத்திருக்கிறோம். நாகப்பட்டினம் போய் வாஞ்சூரைத் தாண்டினால் காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி ஆட்சி. அங்கே கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. இரண்டு பக்கமும் அதே காவிரித் தண்ணீர், அதே தென்னை. சட்டம்தான் வேறு.

அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு மத்திய வரியை நீக்கியது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருஷம் 200 கேலன், நம் கணக்கில் சுமார் 757 லிட்டர். விற்கக்கூடாது. அங்கே கோடு அளவின் மேல். ஜப்பானில் வீட்டில் மது வடிப்பதற்கு 1899 முதல் தடை. ஆனால் 2002-இல் வந்த சிறப்பு மண்டலச் சட்டத்துக்குப் பிறகு, சில ஊர்களில் விடுதி நடத்தும் விவசாயி தன் வயல் அரிசியில் 'டொபுரோகு' என்ற கலங்கல் மது செய்யலாம். அங்கே கோடு நெல்லின் மேல். நமக்கோ கோடு கடிகாரத்தின் மேல்.

நெல்லில் மது நமக்கும் புதிதல்ல. சம்பாவுக்கு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் மூட்டம் போட்டால், மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு வெதுவெதுப்பான இனிப்பு வாசம் வரும். பியருக்குப் பார்லியை முளைகட்டும் வேலையும் இதேதான். அரிசிக் களியை ஆறவைத்து, முளைநெல்லை இடித்துக் கலந்து, சாடியில் ஊறவைத்து மது எடுக்கும் விதத்தைச் சங்க காலத்துப் பெரும்பாணாற்றுப்படையே சொல்கிறது.

"வீட்டுக்கு ரெண்டு மரம், விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டா என்னம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கடை மூடுன வருஷந்தான்டா ஒங்கப்பா பொழுதோட வீட்டுக்கு வந்தாரு."

"மூடுனது கடையத்தானே, மரத்த இல்லையே?"

பதில் இல்லை.

"சரி, அப்ப அந்தக் கலயத்த ஏன் இத்தன வருஷமா ஒடைக்காம வச்சிருக்கே?"

அம்மா விதைநெல் மூட்டைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.